வேண்டிய ஊசிக்குப் பயம், வேண்டாத ஊசிக்கு ஆசை



குழுக் கூட்டத்தில் சேமிப்பு எண்ணி, கடன் வசூல் முடித்து, தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மனசில் உள்ள பேச்சு வெளியே வரும். கொஞ்ச நாளாக அந்தப் பேச்சில் இரண்டு ஊசிகள் அடிக்கடி வருகின்றன.

ஒரு உறுப்பினர் கேட்கிறார்: "அக்கா, உடம்பு குறையறதுக்கு ஊசி வந்திருக்காமே? வாரம் ஒண்ணு போட்டா போதுமாமே? குழுவுல கடன் குடுப்பாங்களா?" அதே கூட்டத்தில் இன்னொருவர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "டாக்டர் இன்சுலின் எழுதிக் குடுத்து ரெண்டு மாசமாச்சு. நான் போட்டுக்கலை. ஊசி ஆரம்பிச்சா அவ்வளவுதான்னு சொல்றாங்க."

முதலில் கேட்டவரின் எடை 58 கிலோ. அவருக்கு அந்த ஊசி தேவையே இல்லை. இரண்டாமவருக்குச் சாப்பிடும் முன் எடுத்த சர்க்கரையே 280. அவருக்குத் தேவைப்படும் ஊசி ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது, அவர் வாங்கப் போகவில்லை. பல ஊர்களில் இதையே பார்க்கிறோம். அதனால் இந்த இதழில் இரண்டு ஊசிகளைப் பற்றியும் பேசிவிடுவோம்.

இரண்டுமே நம் உடம்பில் ஊறுகிற சரக்குதான்

ஹார்மோன் என்றால் ஏதோ வெளியூர் ரசாயனம் என்று நினைக்க வேண்டாம். உடம்பின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு ரத்தம் வழியாக அனுப்பும் தகவல், அவ்வளவுதான். மாதவிலக்கு வருவதும், தாய்ப்பால் சுரப்பதும் ஹார்மோன் வேலைதான்.

வயிற்றுக்குப் பின்பக்கம் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுரப்பது இன்சுலின். நாம் சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் வருகிறது. அந்தச் சர்க்கரை தசைக்குள்ளே போக வேண்டும் என்றால் கதவைத் திறந்துவிட ஆள் வேண்டும். இன்சுலின்தான் அந்த ஆள். அது இல்லாவிட்டாலும், இருந்தும் வேலை செய்யாவிட்டாலும், சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். ரத்தத்தில் அத்தனை சர்க்கரை இருந்தும் உடம்புக்குச் சக்தி கிடைக்காது. சுகர் கூடியவர்கள் நன்றாகச் சாப்பிட்டும் சோர்ந்து போவது இதனால்தான்.

இன்னொரு ஹார்மோன் சிறுகுடலில் சுரக்கிறது. அதன் பெயர் ஜி.எல்.பி.-1. சாப்பாடு குடலுக்கு வந்ததும் இது கிளம்பும். கணையத்துக்குப் போய் "சாப்பாடு வந்துடுச்சு, இன்சுலினை விடு" என்கும். இரைப்பையிடம் "மெதுவா அனுப்பு" என்கும். மூளையிடம் "போதும், கையைக் கழுவு" என்கும். ஆனால் சுரந்த சில நிமிடங்களிலேயே கரைந்துவிடும். வாரம் ஒருமுறை போடும் புதிய ஊசிகள் இந்த ஹார்மோனைப் போலவே செய்யப்பட்டு, ஒரு வாரம் வரை கரையாமல் தாக்குப்பிடிக்கும்படி மாற்றப்பட்டவை.

இன்சுலின் பயம்

1922 ஜனவரியில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத்தான் முதன்முதலாகச் சுகருக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் அந்த வகைச் சுகர் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டு நாள் கடத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. சாவுக்குக் காத்திருந்த பிள்ளைகள் அந்த மருந்தால் எழுந்து நடந்தார்கள். அப்படிப்பட்ட மருந்தைத்தான் நம் ஊரில் "கடைசிக் கட்டத்து ஊசி" என்று பெயர் வைத்து ஒதுக்குகிறோம்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்தால் புரியும். காலில் புண் வந்து, கிட்னி கெட்டு, கண் மங்கிய பிறகு சிலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அப்போது இன்சுலின் தொடங்குகிறார்கள். கொஞ்ச நாளில் விரலை எடுக்கிறார்கள். பார்த்தவர்கள் "ஊசி போட்டாங்க, விரல் போச்சு" என்கிறார்கள். விரல் போனது ஊசியால் அல்ல. ஊசி தாமதமாக வந்ததால்.

"ஒருதடவை போட்டா விடவே முடியாதாமே?" எல்லாருக்கும் அப்படி இல்லை. கர்ப்ப காலத்தில் சுகர் வந்து இன்சுலின் போட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பிரசவம் ஆனதும் நிறுத்திவிடுகிறார்கள். ஆபரேஷன், கடுமையான காய்ச்சல் போன்ற நேரத்தில் மட்டும் போட்டு நிறுத்துவதும் உண்டு. பத்துப் பதினைந்து வருஷமாகச் சுகர் இருந்து, கணையம் ஓய்ந்துபோனவர்களுக்குத் தொடர்ந்து தேவைப்படலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் முதல் வகைச் சுகரில் இன்சுலின் ஒருவேளைகூட விடக்கூடாது. விட்டால் உயிருக்கே ஆபத்து. "எடை ஊசி போட்டா இன்சுலின் வேண்டாமாம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளைகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

இன்சுலினுக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. சிலருக்குக் கொஞ்சம் எடை கூடும். அளவு அதிகமானாலோ, ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலோ சர்க்கரை ஒரேயடியாகக் குறைந்துவிடும். வெள்ளிக்கிழமை விரதம், ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நாற்று நடவுக்கோ களை எடுக்கவோ போகிறவர்கள் ஊசியை ஆறு மணிக்குப் போட்டுவிட்டு, "பத்து மணிக்குக் கஞ்சி குடிச்சுக்கலாம்" என்று வயலில் இறங்கக் கூடாது. உடம்பு வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பசி எடுத்துத் தலை சுற்றினால் அது குறைந்த சர்க்கரை. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இன்சுலின் பாட்டிலில் இரண்டு வலிமை உண்டு. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. அதற்கேற்ற சிரிஞ்சும் தனித்தனி. 40-க்கு உள்ளது சிவப்பு மூடி, 100-க்கு உள்ளது ஆரஞ்சு மூடி. பாட்டிலில் என்ன எண் இருக்கிறதோ அதே எண்தான் சிரிஞ்சிலும் இருக்க வேண்டும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 10 யூனிட் அல்ல, 25 யூனிட். இரண்டரை மடங்கு. அதுவே 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் வெறும் 4 யூனிட்தான் போகும். "ஊசி போட்டும் சுகர் குறையலை" என்று சொல்பவர்கள் இதையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்குக் குழுவில் யாராவது பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொன்னால் நல்லது.

பிரிக்காத பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. உறைந்த மருந்து வீண். பயன்படுத்தத் தொடங்கிய பாட்டில் பொதுவாக நான்கு வாரம் வரைதான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் ஈரமணல் போட்டு, நிழலில் வைத்துக்கொள்ளலாம். அடுப்பங்கரை அலமாரியும், ஓட்டுக்குக் கீழே உள்ள பரணும் ஆகாது. ஊசியை ஒரே இடத்தில் போட்டால் கட்டி தட்டி மருந்து சரியாக இறங்காது. வயிறு, தொடை என்று இடம் மாற்றிப் போடுங்கள்.

புதிய ஊசி எங்கிருந்து வந்தது?

அமெரிக்கப் பாலைவனத்தில் ஒரு விஷப் பல்லி இருக்கிறது, பார்க்க நம் ஊர் உடும்பு மாதிரி. அதன் எச்சிலில் இருந்த ஒரு பொருள் நம் குடல் ஹார்மோனைப் போலவே வேலை செய்வதைக் கண்டுபிடித்து, அதை வைத்து ஒரு சுகர் ஊசி செய்தார்கள். 2005-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. (பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டுகிற நமக்கு இது வேடிக்கைதான்.) அதை நாளுக்கு இரண்டு முறை போட வேண்டியிருந்தது. பிறகு நாளுக்கு ஒன்று, அதன்பின் வாரத்துக்கு ஒன்று என்று வந்தது. இப்போது அதிகம் பேசப்படுபவை இரண்டு மருந்துகள். ஒன்று செமாக்ளூடைடு, ஓசெம்பிக், வீகோவி என்ற பெயர்களில் விற்கப்படுவது. இன்னொன்று டிர்செபடைடு, மவுன்ஜாரோ என்ற பெயரில் வருவது. இது ஜி.எல்.பி.-1 உடன் இன்னொரு குடல் ஹார்மோன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இவை ஏமாற்று மருந்துகள் அல்ல. இரண்டாம் வகைச் சுகரில் நன்றாகவே சர்க்கரையைக் குறைக்கின்றன. செமாக்ளூடைடு இதய நோய், கிட்னி பாதிப்பு உள்ள பலருக்கும் பலன் தருவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எடை விஷயத்திலும் பலன் உண்மைதான். 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், சுகர் இல்லாத, உடல் எடை அதிகமானவர்கள் 68 வாரம் செமாக்ளூடைடு போட்டுச் சராசரியாக 100-க்கு 15 பங்கு எடை குறைந்தார்கள். 80 கிலோ இருந்தவர் 12 கிலோ குறைந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் இதோடு நின்றுவிடுகிறது. அதே ஆய்வில் ஊசியை நிறுத்திய ஒரு பகுதியினரை மேலும் ஒரு வருஷம் பார்த்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. 12 கிலோ குறைந்தவருக்கு 8 கிலோ மறுபடியும். பிரஷர் மாத்திரை மாதிரிதான் இதுவும், போடுகிறவரைக்கும் வேலை செய்யும். "மூணு மாசம் போட்டு முடிச்சுடலாம்" என்பது நடக்காது.

குறைகிற எடையும் முழுக்கக் கொழுப்பு அல்ல, தசையும் சேர்ந்து கரைகிறது. மண் சுமந்து, கதிர் அறுத்துப் பிழைக்கிற நமக்குத் தசைதான் முதலீடு. ஏற்கெனவே ரத்தசோகை, அதோடு பசியும் அடங்கிப்போய் இரண்டு வாய் சோற்றோடு எழுந்துவிட்டால் வேலைக்குத் தெம்பு எங்கிருந்து வரும்? ஊசி போடுகிறவர்கள் சோற்றைக் குறைத்தாலும் முட்டை, பருப்பு, கடலை, மீனைக் குறைக்கக் கூடாது.

யாருக்கு இந்த ஊசி?

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் ஒரு எண் வரும். அதுதான் உடல் எடைக் குறியீடு. எடைக்காக இந்த ஊசியைப் போட அந்த எண் 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சுகர், பிரஷர் போல எடையால் வந்த நோய் இருந்தால் 27 போதும். அஞ்சடிக்குச் சற்றே குறைந்து 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 30 என்றால் 67 அரை கிலோ, 27 என்றால் 61 கிலோ கிட்ட. நாம் முதலில் சொன்ன உறுப்பினரும் அந்த உயரம்தான். 58 கிலோவுக்கு 26-கூட வராது. பிள்ளை பெற்ற வயிறு தொங்குகிறது, கல்யாண போட்டோவில் நன்றாக இல்லை என்பதற்கெல்லாம் இந்த ஊசி கிடையாது.

அதே நேரம் இந்தியர்களுக்கு இடுப்பில் கொழுப்பு சீக்கிரம் சேரும். பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ., அதாவது சுமார் 31 அரை அங்குலம், அதைத் தாண்டினால் சுகர் டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது. தையல் டேப் போதும்.

நம் பெண்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்குக் காத்திருப்பவர்களும் இந்த ஊசியைப் போடக் கூடாது. செமாக்ளூடைடு போட்டுக்கொண்டிருப்பவர் பிள்ளைக்கு முயற்சி செய்வதாக இருந்தால் குறைந்தது இரண்டு மாதம் முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிலக்கு தள்ளிப்போனவர்களுக்கு எடை குறைந்ததும் முட்டை வெளிவரத் தொடங்கி, எதிர்பாராமல் கர்ப்பம் தரித்துவிடலாம். டிர்செபடைடு போட்டால் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். தொடங்கிய நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு தேவை. இதை நீங்களாகவே கேளுங்கள். வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்கு முன்பு கணைய வீக்கம், பித்தப்பைக் கல் வந்ததா, சுகரால் கண் பாதிப்பு உண்டா, இதெல்லாம் சொல்லியாக வேண்டும். சுகருக்கு ஏற்கெனவே இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு, அந்த அளவை டாக்டர் மாற்றித் தருவார். ஆபரேஷனுக்குப் போனால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசி போடுவதை முன்பே சொல்லுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் அவருக்குத் தெரிய வேண்டும்.

குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் தொடக்கத்தில் பலருக்கு வரும். அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பித்து மாதக் கணக்கில் கூட்டுகிறார்கள். வாந்தியும் பேதியும் நிற்காமல் போனால் உடம்பில் நீர் வற்றிக் கிட்னி பாதிக்கும். மேல்வயிற்றில் கடுமையான வலி எடுத்து முதுகுக்குப் பாய்ந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காசுக் கணக்கு

குழுக் கடன் கேட்பவர்களுக்காக இந்தக் கணக்கு. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க அளவு ஒரு குப்பி 3,500 ரூபாய், அடுத்த அளவு 4,375 ரூபாய். வாரம் ஒன்று. முதல் மாதம் 14,000, அடுத்த மாதங்களில் 17,500 என்று போனால் ஒரு வருஷத்துக்கு 2 லட்சத்தைத் தாண்டுகிறது. வீகோவி 2025 ஜூனில் வந்தபோது மாதம் 17,345 ரூபாயில் தொடங்கியது. அதே வருஷம் நவம்பரில் தொடக்க அளவை 10,850-க்குக் குறைத்தார்கள். செமாக்ளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரை. காப்புரிமை முடிந்த மருந்தைப் பல கம்பெனிகள் செய்யலாம், விலையும் இறங்கும். ஆகவே வாங்கும் நாளில் என்ன விலை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விலை பாதியானாலும், கால்வாசியானாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த மாதம் கடன் வாங்கிப் போடுகிறீர்கள், பதின்மூன்றாம் மாதம் எப்படிப் போடுவீர்கள்? மாட்டுக் கடன் வாங்கினால் பால் வந்து தவணை கட்டும். இந்தக் கடனுக்கு வருமானம் இல்லை. நூற்றுக்கு இரண்டு வட்டியில் வாங்கி, நாலு மாதத்தில் நிறுத்தி, எடை திரும்பி வந்த பிறகும் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். டாக்டர் சோதித்து, சுகருக்கோ இதயத்துக்கோ இதுதான் தேவை என்று எழுதிக் கொடுத்தால் அது மருத்துவக் கடன்; குழு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அழகுக்கு என்றால் உள்கடன் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

குறைந்த விலைக்குப் பியூட்டி பார்லரில், போனில் வரும் விளம்பரத்தில், தெரிந்தவர் மூலமாக வாங்கவே வாங்காதீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் போலி செமாக்ளூடைடு பற்றி எச்சரித்தது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் போலிகள் பிடிபட்டிருந்தன. போலி ஊசிக்குள் இன்சுலின் போன்ற வேறு மருந்து இருக்கலாம் என்றும் அந்த எச்சரிக்கை சொன்னது. சுகர் இல்லாத பெண் எடை குறைய என்று நினைத்து இன்சுலினைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள்.

எங்கே போவது?

சுகர் பரிசோதனையும், மாத்திரையும், இன்சுலினும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பலர் நம் மகளிர் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். "ஊசி போடச் சொன்னாங்க, போடலை" என்பதை அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். பொதுவாக அது 7-க்குக் கீழே இருக்க வேண்டும். முதல் ஊசியைத் தனியாகப் போடப் பயமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா கையைப் பிடித்துச் சொல்லித் தருவார், துணைக்குக் குழுவிலிருந்து ஒருவர் கூடப் போகலாம்.

போட்டு முடித்த ஊசிகளைக் குப்பையிலோ எருக்குழியிலோ வீசாதீர்கள். பிள்ளைகள் காலில் குத்தும், குப்பை பொறுக்கும் அம்மாக்கள் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக்கி மூடி, மாத்திரை வாங்கப் போகும்போது சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.